சொந்தத் தொடையும் சுத்தபோசனமும்

சேசு மரி சூசை துணை

தோட்டத்து ஆஸ்பத்திரி, நாலாம் கட்டில், குளுவாங்
27 மார்ச்சு 1939

கெலாங் பாத்தா கோவில் உபதேசியாரும் என் உடன்பிறந்த மூத்தவருமாகிய கேப்ரியல் அண்ணன் அவர்களுக்கு, தம்பி செபஸ்தியன் படுத்த வாக்கில் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. நின்று தெண்டனிடக் காலில் பலமில்லை, மன்னிக்கவும். இவ்விடம் நானும் உங்கள் தம்பி மனைவி அமலோற்பவமும் மகள் இன்பராணியும் சர்வேசுரன் கிருபையால் சுகம். சுகம் என்பது வழக்கத்துக்கு எழுதுவது, நம்பிவிட வேண்டாம்.

டைபாயிட் காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகிறது, ஆனால் கால் இரண்டும் ஈர்க்குச்சி. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் இன்பராணிக்குக் கல்யாணம், இன்னும் பதினாலே நாள், கோவில் வாசலிலிருந்து பீடம்வரை அவள் கையைப் பிடித்து நடக்க வேண்டியவன் நான். உடம்பில் சதை பிடித்தால்தான் வீட்டுக்கு விடுவேன் என்கிறார் டாக்டர். சதை பிடிக்க முட்டை தின்னச் சொல்கிறார். நானோ இந்தக் கல்யாணம் நல்லபடி நடக்க, விபூதிப் புதன் முதல் பாஸ்குவரை கறி, மீன், முட்டை, பால் எதையும் தொடுவதில்லை என்று அந்தோணியாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். கஞ்சிதான். அமலோற்பவம் கொண்டுவரும் மஞ்சள் கஞ்சி. மஞ்சள் எதற்கடி என்றால் காய்ச்சல்காரனுக்கு நல்லதாம்.

இந்த நிலையில் டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பெரிய சீசாவைக் கட்டிலுக்கடியில் வைத்து, மூன்று நாள் நான் பெய்கிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் பிடிக்கச் சொன்னார். இருபத்தைந்து வருஷம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவனுக்கு வந்த உத்தியோகத்தைப் பாருங்கள். என் பெயரெழுதிய சீட்டு ஒட்டி, சாக்குச் சுற்றி, சோதனைக்காக ரயிலில் அனுப்பினார்கள். ஸ்டேஷனில் அதைப் பார்த்த நம் தோட்டத்துக் கங்காணி மணியம் நேரே இங்கே வந்து, "என்ன கிராணியாரே, கல்யாணத்துக்கா? மலாய்க் கம்பத்துத் தேனா? எனக்கும் ஒரு போத்தல் வாங்கித் தாங்க லா" என்றான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சோதனை முடிவு வந்தது. மருந்து கட்டும் டிரெஸ்ஸர் கனகராஜ் என் கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். அண்ணா, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. முட்டையிலும் மீனிலும் பருப்பிலும் இருக்கிற புரோட்டீன் என்ற சத்துதான் சதையாகிறதாம். ஆனால் முட்டை முட்டையாகவே போய் ஒட்டிக்கொள்வதில்லை. வயிறும் குடலும் அதைத் துண்டு துண்டாக நறுக்குகின்றன. அந்தத் துண்டுகளை எடுத்து உடம்பு தனக்கு வேண்டியபடி கோத்து ஒரு இடத்தில் தொடையாக, ஒரு இடத்தில் நகமாக, ஒரு இடத்தில் இருதயமாகக் கட்டுகிறது. கட்டியதை அப்படியே விட்டாலும் பரவாயில்லை, ஒரு பக்கம் பிரித்துக்கொண்டே இருக்கிறது! அத்தாப்புக் கூரையில் நல்ல ஓலையைத் திரும்ப வேய்ந்து, மக்கினதை வெளியே போடுவதுபோல. அந்த மக்கினதுதான் சீசாவில் போனது. நாம் தூங்கும்போதும், பூசை காணும்போதும், மனைவியோடு சண்டை போடும்போதும் உள்ளே இந்த வேலை நிற்பதில்லை. அங்கே கங்காணி யார், அண்ணா? விடியற்காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்கு மணி அடிப்பது யார்? ஐம்பது வருஷம் இந்த உடம்பில் குடியிருந்தும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே! சர்வேசுரனுடைய வேலையை நினைத்து முழந்தாளிடப் பார்த்தேன், கால் மடங்கவில்லை.

பிறகுதான் இடி விழுந்தது. "நீங்க திங்கிறது கொஞ்சம், வெளிய போறது ரெண்டு பங்கு. புது ஓலை வரலன்னா ஒடம்பு சும்மா இருக்குமா? தொடையப் பிரிச்சு இருதயத்துக்கு வேயுது. ஒங்க சதைய நீங்களே தின்னுக்கிட்டு இருக்கீங்க" என்றார் கனகராஜ். அலமாக்! சுத்தபோசனம் என்று கறி தொடாமல் நான் இருந்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கறி தின்றிருக்கிறேன், அதுவும் செபஸ்தியன் கறி! இது பாவமா இல்லையா? பங்குச் சுவாமியாரிடம் கேட்டு எழுதுங்கள். அமலோற்பவத்திடம் சொன்னால் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கஞ்சி ஆறுது, குடிங்க" என்கிறாள். கல்நெஞ்சுக்காரி.

ஆனால் ஒரு புதுமையும் நடந்திருக்கிறது. கணக்குப்படி கரைந்திருக்க வேண்டிய என் தொடை, நாடா வைத்து அளந்தால் அரை அங்குலம் பெருத்திருக்கிறது. டாக்டர் தலையைச் சொறிகிறார். இது சந்தேகமில்லாமல் அந்தோணியார் செய்த புதுமை, அற்புதம். ஞாயிறு பூசையில் இதை வாசிக்கச் சொல்லுங்கள். அண்ணிக்கு என் தோத்திரம். பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகச் சிலுவை போடுங்கள்.

இப்படிக்கு, கரைந்தும் கரையாத தம்பி,
செபஸ்தியன்

பின்குறிப்பு: ஞாயிறு பூசையில் வாசிக்க வேண்டாம். உறை ஒட்டுகிற நேரத்தில், கையொடிந்து பக்கத்துக் கட்டிலில் கிடக்கிற காளியப்பன் என்கிற ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவன் வாயைத் திறந்தான். "கிராணி ஐயா, கோவிச்சுக்காதீங்க. அம்மா தெனம் நாலு முட்டைய அடிச்சுதான் கஞ்சியில ஊத்துறாங்க. மஞ்சள் எதுக்குன்னு நெனச்சீங்க? ஓடெல்லாம் என் பையிலதான் கெடக்கு. ஐயாகிட்ட சொன்னா இன்னொரு கையையும் ஒடிப்பேன்னு சொல்லியிருக்காங்க." ஆக, சீசாவில் கணக்குக்கு மேல் போனது என் தொடையல்ல, கோழி. எனக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணா. கல்நெஞ்சுக்காரி என்று எழுதியதை அடித்துவிடுங்கள். கனகராஜ் காதில் மட்டும் விஷயத்தைப் போட்டேன், சனிக்கிழமை வீட்டுக்கு விடுகிறார்களாம். அவளிடம் சொல்லவில்லை. இதோ, தூக்குச்சட்டிச் சத்தம் கேட்கிறது, அவள்தான். மஞ்சள் எதற்கு என்று இனிக் கேட்க மாட்டேன், குடித்துவிடப் போகிறேன். நேர்த்தி என்னாவது என்கிறீர்களா? நேர்த்தி வைத்த சதை எப்போதோ ரயிலேறிப் போய்விட்டது. இப்போது இருப்பது அமலோற்பவம் கட்டிய சதை. அது யாருக்கும் எந்த நேர்த்தியும் வைக்கவில்லை.