பதினாலு என்று சொல்லவும்

காவாந்தண்டலம்,
புதன்கிழமை.

அன்புள்ள ராஜாராம் மாமாவுக்கு, சசிரேகா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மா, அப்பா, நான், இரண்டு மாடுகள் எல்லோரும் சுகம். அங்கு நீங்களும் அத்தையும் சுகமா? போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும் என்று அம்மா சொன்னதால் கடிதம்.

முதலில் நான் பார்த்தது டாக்டர் தினகரனின் பேனாவை. நான் குழாயில் ஊதினேன். பேனா எழுதாமல் நின்றுவிட்டது.

இன்று உத்திரமேரூரில் கம்பெனி வேலைக்கு உடல் பரிசோதனை நடந்தது. பெயின்ட் அடிக்கும் பிரிவு என்பதால் மூச்சு நன்றாக இருக்க வேண்டுமாம். என் உயரத்துக்கும் வயசுக்கும் நூறு வந்தால் சரி, எண்பது வந்தாலும் பரவாயில்லை. எனக்கு ஐம்பத்தெட்டு. உள்ளபடி சொன்னால், ஊதும்போது அம்மா பின்னால் நின்று, "மெதுவா ஊதுடி, ஆம்பளைங்க கீறாங்க" என்று முதுகில் குத்திக்கொண்டிருந்தாள். நர்ஸ் செவ்வந்தி அக்கா, "எத்தினி வயசுல வயசுக்கு வந்தே?" என்று கேட்க, நான் தரையைப் பார்க்க, அம்மா "பதினாலு" என்றாள். சாட்சிக்கு செல்போனில் என் மஞ்சள் நீராட்டு விழா பேனர் படத்தையும் காட்டினாள். அதில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நீங்கள் என்னைவிடப் பெரிதாக இருக்கிறீர்கள்.

வயசுக்கு வருகிற காலத்தில் உயரம் மாதிரியே நுரையீரலும் சரசரவென்று வளருமாம். ரொம்பச் சீக்கிரம் வந்தவர்களில் சிலருக்குப் பெரியவர்களான பிறகு மூச்சின் அளவு கொஞ்சம் குறைவாக இருப்பதாக ஆராய்ச்சி சொல்கிறதாம். "பதினாலுன்னா இவ்ளோ குறையக் காரணமே இல்லையே. அப்போ நோய்தான் இருக்கணும். நாளைக்கு மறுபடி வாங்க. சரியான வயசு தெரியாம கையெழுத்து போட மாட்டேன்" என்றார் டாக்டர். அம்மா உடனே, "என் தம்பிய கேளு சார், சீர் வெச்சதே அவன்தான்" என்று உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டாள்.

நிஜத்தில் பதினொன்று என்பது நம் இரண்டு வீட்டுச் சுவர்களுக்குத்தான் தெரியும். அப்போது நீங்கள் வரப்புச் சண்டையில் அப்பாவோடு பேசாமல் இருந்தீர்கள். தாய்மாமன் சீர் இல்லாமல் பந்தல் போட முடியுமா? அதனால் உங்கள் கோபம் ஆறும்வரை மூன்று வருஷம் நான் வயசுக்கு வராமலே இருந்தேன். "சும்மா குந்திக்கினு இருந்தா சந்தேகப்படுவாங்க, போய் ஓடியாடிக்கினு இரு" என்று அம்மா தெருவுக்குத் துரத்துவாள். நானும் ஏரிக்கரை வரைக்கும் ஓடிவிட்டு வருவேன். அந்த நாட்களில் வீட்டுக்குள் வந்தால் மூலையில் உட்கார வேண்டும். நீங்கள் சமாதானமானீர்கள், நானும் வயசுக்கு வந்தேன். மறுநாளிலிருந்து ஓடாதே, சத்தமாகச் சிரிக்காதே. பத்தாவதோடு பள்ளிக்கூடமும் போச்சு. மூச்சு விடுவது ஒன்றைத்தான் யாரும் தடுக்கவில்லை, அதையும் மெதுவாக விடச் சொன்னார்கள்.

ஆகையால் டாக்டர் போன் செய்தால் பதினாலு என்றே சொல்லவும். பதினொன்று என்று தெரிந்தால் அன்றைக்குப் பந்தலில் சாப்பிட்ட நானூறு பேரும் ஏமாந்தவர்கள் ஆகிவிடுவார்களாம். நுரையீரலை யார் பார்க்கப்போகிறார்கள், பேனரை ஊரே பார்த்ததே என்கிறாள் அம்மா. வேலை போனாலும் பரவாயில்லையாம்.

எனக்குத்தான் அந்த வேலை வேண்டும், மாமா. கம்பெனி பஸ் நம் தெருமுனைக்கே வருகிறது.

அத்தைக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். நாம் சொன்ன பொய் மாறாமல் இருக்க அம்மா அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

பணிவுள்ள,
சசிரேகா

பி.கு.: இன்று வியாழன். தபாலில் போட வேண்டிய கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போய்விட்டேன். டாக்டர் வயசு கேட்டதும், அம்மா வாயைத் திறக்கும் முன்னால் "பதினொன்னு" என்றேன். வரிசை முழுக்கக் கேட்டது. "மானத்த வாங்கிட்டியேடி" என்று அம்மா வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். முதுகு காலியாக இருந்தது. செவ்வந்தி அக்கா "ஊது, ஊது, இன்னும் ஊது" என்று கத்தினாள். எண்பத்தொன்பது. "நேத்து இன்னா பண்ணிக்கினு இருந்தே?" என்றாள் அக்கா. டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். உங்களுக்குப் போன் வராது. வந்தாலும் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். எழுதியதை வீணாக்க மனமில்லாமல்தான் அனுப்புகிறேன்.

வெளியே வந்தால் நம் ஊர் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. "ஓடாதடி, பாக்கறாங்க" என்றாள் அம்மா. ஓடிப்போய் பஸ்ஸை நிறுத்தி, அம்மாவுக்கு ஒரு சீட் பிடித்தேன்.