விளக்கம் அண்ணன் ஓட்டி வந்த கார்

இராமேஸ்வரத்தைப் பற்றி வெளியூர்க்காரர் யாராவது உங்களிடம் விபரீதமான தகவல் ஒன்றைச் சொன்னால் அவர்மீது கோபப்படாதீர்கள். அது ஒரே ஒரு ஆள் செய்த வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரை விமான நிலையத்தில் இறங்கி எங்கள் லாட்ஜுக்கு வந்த அத்தனை பேர் காதிலும், வழி நெடுகப் பொய்யை ஊற்றிக்கொண்டே வந்தவர் அவர். லைசென்ஸில் ஏதாவது ஒரு பெயர் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை. ஊருக்கே அவர் ‘விளக்கம்’. எனக்கு மட்டும், வயதில் மூத்தவர் என்பதால், விளக்கம் அண்ணன்.

நான் அந்த லாட்ஜின் மேனேஜர். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய விமான நிலையம் மதுரைதான். பக்கம் என்பது பேச்சுக்கு. அங்கே இறங்குகிற விருந்தாளியை மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், பாம்பன் என்று இத்தனை ஊர் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்கு லாட்ஜ் முதலாளி அமர்த்தியிருந்தது விளக்கத்தையும், ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த அவருடைய அம்பாசிடரையும்.

முதல் தொல்லை விமான நிலையத்து வாசலிலேயே தொடங்கும். மற்ற டிரைவர்கள் எல்லாம் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவர் பிடிக்க மாட்டார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் அதை ஒத்துக்கொண்டால் தலை இறங்கிவிடும் அல்லவா?

“அட்டையப் பிடிச்சுக்கிட்டு நின்னா கோர்ட்டு அமீனா மாதிரி இருக்கு மேனேஜரே. ராமேஸ்வரம் வார மூஞ்சி தனி. நான் பாத்தாலே கண்டுபிடிச்சுருவேன்.”

இப்படி மூஞ்சி பார்த்து அவர் ஒரு நாள் ஏற்றிக்கொண்டு வந்தது, நாகர்கோவிலுக்குப் போக வேண்டிய உரக் கம்பெனி அதிகாரி ஒருவரை. அந்த மனிதர் இது கம்பெனி அனுப்பிய கார் என்று நினைத்து ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டார். பரமக்குடியில் கண் விழித்து, “திருநெல்வேலி தாண்டியாச்சா?” என்று கேட்டிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் காரைத் திருப்பியிருப்பார்கள். விளக்கம், “பாதிக்கு மேல வந்தாச்சு சார், மீதியையும் பாத்துட்டுப் போயிருங்க” என்று நேராக லாட்ஜில் கொண்டுவந்து இறக்கினார். நிஜமாகவே எங்களிடம் அறை பதிவு செய்திருந்த நாக்பூர்த் தம்பதி, மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தகரப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நான் வாசலில் கைகூப்பி நின்றேன்.

“எப்படிண்ணே இந்தத் தப்பு நடந்துச்சு?” என்றேன்.

“அந்த ஆளு மூஞ்சியில அம்புட்டு வாட்டம் மேனேஜரே. பாவம் பண்ணுன மூஞ்சி. சரி, தீர்த்தம் ஆடத்தான் வாராருன்னு நெனச்சேன்.”

அடுத்த தொல்லை அவருடைய வாய். ரோட்டோரம் எது தெரிந்தாலும் அதற்கு ஒரு விளக்கம் உண்டு. சீமைக்கருவேலமரம் ஒட்டகத்துக்காக வெள்ளைக்காரன் வளர்த்தது. ஒட்டகம் கப்பலிலேயே செத்துப்போனதால் மரம் மட்டும் மிஞ்சிவிட்டது. உச்சிப்புளி என்று பேர் வந்தது, ஒரு ராஜா மரத்தின் உச்சியில் ஏறிப் புளியங்காய் பறித்ததால். பாம்பன் பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுவார். இடது பக்கம் பெண் கடல், வலது பக்கம் ஆண் கடல் என்பார். அதுவரைக்கும் ஊர் வழக்கம். எங்கள் மீனவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு மேல் வருவது இவர் சொந்தச் சரக்கு. இரண்டு கடலும் புருஷன் பெண்டாட்டி. ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போன பெண் கடல் திரும்பி வராததால் இரண்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. பாலத்தைக் கட்டியதே சமாதானம் பண்ணத்தான்.

இந்திக்காரர்களுக்கும் இதே விளக்கம்தான், தமிழிலேயே. புரியவில்லை என்று அவர்கள் தலையை ஆட்டினால், அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார். கையை விரித்துக் காட்ட வேண்டியிருப்பதால் ஸ்டீயரிங் அநாதையாக நிற்கும். ஒன்பது மணிக்குப் புறப்பட்ட விருந்தாளிகள் நடை சாத்துவதற்கு முன் கோவிலுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். மூன்று மணிக்கு வந்து சேர்ந்து என்னைத் திட்டுவார்கள். நான் முதலாளியிடம் போவேன். முதலாளியோ, “அந்த ஒட்டக விசயம் உண்மைதானப்பா?” என்று கேட்கிற ஆள்.

இந்த லட்சணத்தில்தான் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது.

பெண் வீட்டாருக்குப் பூர்வீகம் அபிராமம் பக்கம். பெண்ணின் அப்பா இளவயதிலேயே பம்பாய் போய், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் வசந்தா பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு ஊர் நயினார்கோவில் அருகே, அய்யாவுக்கு விவசாயம். தரகர் என்னைப் பற்றிய தாளில் ‘பி.ஏ.’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்த இரண்டு எழுத்து முழு உண்மை இல்லை. ஏனென்றால், ஒரு பாடம் பாக்கி இருந்தது. ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. வயது முப்பத்திரண்டு. அந்த வயதில் மனிதன் சில எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் விட்டுவிடுகிறான்.

அப்பாவும் பெண்ணும் விமானத்தில் வருகிறார்கள், மாப்பிள்ளையையும் ஊரையும் நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று கடிதம் வந்தது. நான் ராமநாதபுரத்தில் வேறு காருக்குச் சொல்லிவைத்தேன். அன்று காலை பார்த்து அந்தக் கார் படுத்துவிட்டது. முதலாளி சந்தோஷமாக விளக்கத்தை என்னோடு அனுப்பிவிட்டார்.

புறப்படுவதற்கு முன் காரின் பானெட்மேல் அவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கினேன். “வழியில ஒரு வார்த்த பேசக் கூடாது.”

“உங்க கல்யாணம்ல மேனேஜரே! வாயவே தொறக்க மாட்டேன்.”

விமான நிலையத்தில் நான் பெயர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் போட்டோகூட இருந்தது. ஆனாலும் கூட்டத்துக்குள் புகுந்து, சரியான பெரியவர் கையிலிருந்த சூட்கேஸை வாங்கிக்கொண்டு வந்தவர் விளக்கம்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் மூஞ்சிக் கணக்கு சரியாக வந்த நாள் அது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். திருப்புவனம் வரை அவரிடமிருந்து சத்தமே இல்லை. நான் முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பேச்சுக் கொடுத்தேன். “பிரயாணம் சௌகரியமா?” “ம்.” “பம்பாய்ல மழையா?” “ம்.” பெரியவர் அளந்துதான் பேசுவார் போலிருந்தது. அப்போது ஜன்னல் வழியாக வைகையைப் பார்த்த வசந்தா, “என்ன, ஆத்துல தண்ணியே இல்ல?” என்று கேட்டாள்.

விளக்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் அவசரமாக, “மழை இல்லீங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பத்துப் பேருக்கு விருந்து வைக்க வேண்டிய இடத்தில் பச்சைத்தண்ணியைக் கொடுத்துவிட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு கிலோமீட்டர் தாங்கினார். பிறகு, “தாயி, தண்ணி இருக்கு. அது மணலுக்கு அடியில போகுது. வெயிலுக்கு வெக்கப்பட்டு…” என்று ஆரம்பித்துவிட்டார். அணை உடைந்தது. மானாமதுரை வருவதற்குள் ஒட்டகம் செத்தது, ராஜா புளியமரத்தில் ஏறினார். வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவர் முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

பரமக்குடியில் டீ வாங்கப் போனேன். நாலு தம்ளரோடு திரும்பி வந்தால், பெரியவர் காரில் சாய்ந்துகொண்டு விளக்கத்திடம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், “மேனேஜர் எப்படிப்பட்ட ஆளு?”

“தங்கம் சார். குறட்டை மட்டும் கொஞ்சம் உண்டு. பக்கத்து ரூம்காரக ரூம் மாத்திக் கேட்டுருக்காக. கடலோரத்துல ஆறு வருசமா இருக்காரு, கணுக்காலுக்கு மேல நனைஞ்சதில்ல, பயம். படிப்புல புலி. பி.ஏ. பூராத்தையும் பாஸ் பண்ணிட்டாரு சார், இங்கிலீசு ஒண்ணுதான் பாக்கி!”

பெருமையாகச் சொன்னார். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். “டீ ஆறிரும்” என்றேன்.

ராமநாதபுரத்தில் பெட்ரோல் போட நிறுத்தியபோது விளக்கத்தைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். “ஊர் உலகத்துக்கே பொய்யா அள்ளி விடுறீக. எனக்காக ஒரே ஒரு பொய் சொல்லக் கூடாதா? இனிமே லாட்ஜ் பக்கம் வராதீக!”

அவர் கோபப்படவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“மேனேஜரே, கடலப் பத்திப் பொய் சொன்னா கடலுக்கு என்ன? பொண்ணு குடுக்குறவுககிட்டப் போயி எப்படிப் பொய் சொல்றது? அந்தப் புள்ள நாளைக்கு எங்கன போயி அழும்?”

அது நியாயம் என்று தெரிந்ததால் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

பாம்பன் பாலத்தில் அவர் நிறுத்தாமல் போனார். “இங்க நிக்க மாட்டீங்களா?” என்றாள் வசந்தா. “மேனேஜரு சொன்னாத்தேன் தாயி” என்றார் அவர். நிறுத்தச் சொன்னேன். காற்றில் பேசவே முடியவில்லை. வசந்தா என் பக்கம் வந்து நின்று, “ரெண்டு பக்கமும் ரெண்டு நிறமா இருக்கே, ஏன்?” என்று கேட்டாள். ஆறு வருடமாக அங்கேயே இருக்கிற எனக்குத் தெரிந்ததெல்லாம் புருஷன் பெண்டாட்டிக் கதை ஒன்றுதான். அதையே சொன்னேன். பிறகு, எப்படி வந்தது என்று தெரியவில்லை, “அந்த இங்கிலீஷ் பேப்பர் மூணு தடவை எழுதிட்டேன்” என்றும் சொன்னேன். அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் காதில் விழுந்ததோ இல்லையோ.

இரண்டு நாள் இருந்து, எங்கள் ஊருக்கும் போய்விட்டு, “கடிதம் போடுறோம்” என்று சொல்லிக் கிளம்பினார்கள். மூன்று வாரம் கடிதம் வரவில்லை. விளக்கத்தை முதலாளி போகச் சொல்லவில்லை என்பதால் அவர் தினமும் வந்தார். நான் அவரோடு பேசவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு உறை. “மேனேஜரே, கண்ணாடியக் கொண்டாரல. இத செத்த வாசிங்க.” அவர் கண்ணாடி போட்டு ஒருவரும் பார்த்ததில்லை.

உறையில் பம்பாய் முத்திரை. வசந்தாவின் அப்பா எழுதியிருந்தார், விளக்கத்துக்கு! ‘அன்புள்ள டிரைவர் அவர்களுக்கு. தாங்கள் சொன்ன பரீட்சை விஷயத்தைக் கல்லூரியில் விசாரித்தேன், உண்மைதான். பேசிய மற்ற எல்லோரும் அதை மறைத்துவிட்டார்கள். ஆகவே மேற்கொண்டு சில விவரங்களைத் தங்களிடமே கேட்க விரும்புகிறேன். இக்கடிதத்தை…’

நின்றுவிட்டேன்.

“என்ன நிப்பாட்டிட்டீக?”

“இக்கடிதத்தை மேனேஜரிடம் காட்ட வேண்டாம்னு எழுதியிருக்காரு.”

அவர் யோசித்தார். “அப்ப காட்டாத மாதிரியே வாசிங்க.”

வாசித்தேன். பதிலையும் அவர் சொல்லச் சொல்ல நானேதான் எழுத வேண்டியிருந்தது. குடிப்பழக்கம் உண்டா? “கெடையாது. சோடா குடிச்சாலே ஏப்பம் தாங்காமப் படுத்துருவாரு.” அதையும் எழுதினேன். கோபம் வந்தால் கை நீட்டுவாரா? “வாய்தான். அதுவும் என்கிட்ட மட்டும்.” எழுதினேன். பொய் சொல்வாரா? இதற்கு அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். நான் பேனா முள்ளைப் பார்த்தேன்.

“பொய் சொல்ல மாட்டாரு. சும்மா இருந்துருவாரு. அது ஒண்ணுதான் அவருகிட்ட இருக்குற கெட்ட பழக்கம். எழுதுங்க.”

என் கையாலேயே அதை எழுதினேன். அந்தக் கடிதம் இன்றைக்கு என் வீட்டு பீரோவில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு வந்த வசந்தா, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எங்களுக்குள் சண்டை வரும்போதெல்லாம் அதை எடுத்து அந்த ஒரு வரியை உரக்க வாசிக்கிறாள்.

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. ‘உங்கள் பெண்ணாக இருந்தால் இந்த மனிதருக்குக் கொடுப்பீர்களா?’ வாசித்துவிட்டுத் தலை நிமிராமல் இருந்தேன். இதற்குக் குறைந்தது நாலு பக்கமாவது வரும் என்று புதுத் தாள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

“குடுப்பேன்” என்றார்.

“அப்புறம்?”

“அம்புட்டுத்தேன். குடுப்பேன்னு எழுதுங்க.”

எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் காத்திருந்தேன். அவரோடு பழகிய காலத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான், இந்த மனிதர் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல மாட்டாரா என்று எனக்கு இருந்தது.