தோளில் கட்டிய ரசமட்டம்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதிக்கொள்வது. நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு, எங்கள் நலத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். அம்மா இரவு வேலைக்குப் போயிருக்கிறாள். அப்பா தூங்கட்டும் என்று காத்திருந்து, குளியலறையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணியிருந்தால் வாளியைக் குறை சொல்லாதீர்கள், பயம்தான்.

சாரத்திலிருந்து விழுந்த நாள்முதல் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தது உங்களுக்குத் தெரியும். இடதுகாலை ஊன்றிப் பழகாவிட்டால் அது அப்படியே போய்விடும் என்று டாக்டர் சொன்னபோதுகூடத் திரும்பவில்லை. பள்ளியில் ஜோடி நடனப் போட்டிக்கு என்னைச் சேர்த்திருக்கிறார்கள், வால்ட்ஸ் ஆடும்போது என் தோள் ஒரு பக்கம் இறங்குகிறது என்று மாஸ்டர் திட்டுகிறார் என்று ஒருநாள் புலம்பினேன். அப்போதுதான் திரும்பினார். "தோள் மட்டமில்லையாமா? எடு ரசமட்டத்த" என்றார். கொத்தனார் மகளின் தோள் கோணல் என்றால் அவருக்கு மானக்கேடு. அன்றுமுதல் தினமும் மாலையில், சுவர் கட்டும்போது குமிழியை வைத்து மட்டம் பார்க்கும் அந்தக் கட்டையை என் தோள்களின் குறுக்கே துண்டால் கட்டிவிட்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, "குமிழி நடுவுல நிக்கணும், ஓடுச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்து" என்பார். மூன்று வாரத்தில் குமிழி நகர்வதை நிறுத்திவிட்டது, கூடவே நானும் அசைவதை நிறுத்திவிட்டேன். முட்டியைத் தளர்த்து, முதல் எண்ணிக்கையில் இறங்கு, அடுத்ததில் எழும்பு, திரும்பும்போது உடம்பைச் சாய் என்று மாஸ்டர் தொண்டை வற்றக் கத்துகிறார். என் உடம்பு பூச்சு வேலை முடிந்து காய்ந்துவிட்டது. கழுத்தைப் பார்த்துக் கொக்கு என்று நாங்கள் கூப்பிடும் என் ஜோடி, "சார், நான் டான்ஸ் ஆடல, பீரோ நகத்துறேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நேற்று என்னை நீக்கிவிட்டு வேறொருத்தியைப் போட்டுவிட்டார்கள்.

அப்பாவுக்குத் தெரியாது, அத்தை. இன்றும் கட்டினார், இன்றும் ஆடினேன். சனிக்கிழமை போட்டிக்கு தன்னை நாற்காலியோடு தூக்கிப்போக, தன்னோடு வேலை செய்த நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறார். சட்டைக்கு இஸ்திரியும் போட்டாகிவிட்டது. விஷயம் தெரிந்தால் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். இந்த முறை எதைச் சொல்லித் திருப்புவது? அவர் அடங்குவது உங்களுக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமைக்குள் வந்து, "வயசுப் பொண்ணுக்கு ஆட்டம் என்னடா" என்று நீங்களே தடுத்ததுபோல் ஒரு சண்டை போட்டுவிடுங்கள். பழியை உங்கள் தலையில் கட்டுகிறேன், மன்னியுங்கள்.

மாமாவுக்கு வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

பயத்துடன்,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: வர வேண்டாம். விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக் கதவுவரை வந்துவிட்டார். கடிதத்தை வாங்கிப் படித்தார். "குமிழி அசையலன்னா நீ ஆடலன்னு எனக்குத் தெரியாதா" என்றார். பிறகு ஏன் கட்டினீர்கள் என்றேன். "எனக்கு வேற என்ன தெரியும்" என்றார். படுக்கைக்குத் திரும்ப ஒன்பது அடி. "முட்டிய மடக்குங்க, எடைய முழுசா அந்தக் கால்ல போடுங்க, அப்புறம் மத்த கால எடுங்க" என்று மாஸ்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். நாலாவது அடியில் இரண்டு பேரும் விழுந்தோம். எழுந்திருக்க அரைமணி நேரம் ஆனது. நாளை மாலை ஐந்தாவது அடியும் வைத்துப் பார்க்க வேண்டுமாம். விழுந்ததை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், நிறுத்திவிடுவாள்.