ஏரிமுழுங்கி

ஏரியோரம் ஒரு ஆள் முளை அடிப்பதைப் பார்த்ததும் ஜெகதீசன் சட்டென்று வேலிக்குப் பின்னால் ஒதுங்கினான்.

முளை அடித்தால் அளக்கப் போகிறார்கள். அளந்தால் ஏரி எதுவரை, அவன் உழுகிற கொல்லை எதுவரை என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அவன் போட்டிருக்கிற மல்லாட்டையின் கதி என்ன? இன்னும் ஒரு வாரத்தில் பிடுங்க வேண்டிய வேர்க்கடலைப் பயிர். அவன் கண்ணே பட்டுவிடும் போல விளைந்து நின்றது.

அந்த இடம் தன்னுடையதுதானா என்று அவனுக்கே தெரியாது. அப்பா உழுதார், இவனும் உழுகிறான். பனமலைக்கு அந்தாண்ட மலையடிவாரத்தில் இருக்கிற இந்த ஏரியில் தண்ணீர் வற்ற வற்ற இவன் ஏர் உள்ளே இறங்கும் என்பது ஊர்ப் பேச்சு. அதனால் ஊரில் அவனுக்கு 'ஏரிமுழுங்கி' என்றே பெயர். ரேஷன் கடை வரிசையில்கூட, "ஏரிமுழுங்கி வர்றாரு, வழிய உடுங்கப்பா" என்பார்கள். வெளியே சிரித்து மழுப்புவான். உள்ளுக்குள் பற்றி எரியும்.

போன வாரம் ஏரியை அளக்க ஆள் வருவதாகக் காதில் விழுந்ததுமே, பெண்டாட்டி புனிதாவை இழுத்துக்கொண்டு திண்டிவனத்தில் மாமியார் வீட்டுக்கு ஓடிவிட்டான். போனையும் அணைத்து வைத்தான். உடையவன் இல்லாமல் அளக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. இன்றைக்குத்தான் புனிதாவை அங்கேயே விட்டுவிட்டு, நிலவரம் பார்க்க ஒண்டியாகத் திரும்பியிருந்தான்.

வேலிக்குப் பின்னால் குந்திக்கொண்டு பார்த்தான். தண்ணீரை ஒட்டிய மேட்டில் ஒரு கார் நின்றது. முளைக்கு முளை கயிறு இழுத்துக் கட்டினார்கள். பச்சை நிறத்தில் ஒரு கூடாரம் எழும்பியது. பிறகு முளை அடித்த ஆள் அடிமேல் அடி வைத்து நடந்து, தரையில் கோலமாவால் கோடு போட்டான். ஒரு பெண் கோட்டின் இரண்டு பக்கமும் கழி நட்டாள். வயதான அம்மாள் ஒருத்தி ஏரித் தண்ணீரை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பிடித்து, துணியில் தங்கியதை உற்றுப் பார்த்தாள்.

"ஆபீசருங்கதான்," என்று ஜெகதீசன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "ஜீப்ல வந்தா ஓடிப்பூடறானுங்கன்னு குடும்பத்தோட வந்தமாதிரி வேசம் கட்டிக்கினு வந்திருக்காங்க."

மாடுகளை ஓட்டிக்கொண்டு வீரம்மாள் வந்தாள். பக்கத்துக் கொல்லைக்காரி. ஊரில் எது நடந்தாலும் அவளுக்கு முதலில் தெரிந்துவிடும்.

"ஏம்பா ஜெகதீசு, எப்ப வந்த? உன்னத்தான் தேடிக்கினு இருந்தேன். போன வாரம் அளக்க வந்தாங்கல்ல..."

"மெதுவா பேசுக்கா. காதுல உழும்."

"இல்லப்பா, உன் கொல்லயத்தான்..."

"எதுவாயிருந்தாலும் அப்புறம் சொல்லு. நீ என்னப் பாக்கவே இல்ல, போ."

வீரம்மாள் முகவாயில் கை வைத்து அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு நடந்தாள்.

ஜெகதீசன் யோசித்தான். வேலி இருந்தால்தானே வளைத்துப் போட்டதாக ஆகும்? மளமளவென்று முள்வேலியைப் பிரித்து, கட்டுக் கட்டாக இழுத்துக்கொண்டு போய் ஓடையில் தள்ளினான். கடைசிக் கட்டு போன பிறகுதான் உறைத்தது. இத்தனை நேரம் அவனை மறைத்துக்கொண்டிருந்ததே அந்த வேலிதான்.

முளை அடித்த ஆள் நேராக அவனிடம் வந்தான்.

"வணக்கங்க. எம்பேரு அபிநந்தன். இந்தக் கொல்லை யாருதுங்க?"

"எந்தக் கொல்லை?"

"நீங்க நிக்கறீங்களே, இதுதான். கொஞ்சம் மல்லாட்டை வேணும். யாரக் கேக்கறதுன்னு தெரியல."

சாட்சிக்கு எடுத்துப் போகப் பார்க்கிறான் என்று ஜெகதீசனுக்குப் புரிந்துபோயிற்று.

"இது யாருதும் இல்லீங்க. தானா மொளச்சது."

"தானாவா? இவ்ளோ வரிசையாவா?"

"எங்க ஊரு மல்லாட்டைக்கு ஒழுக்கம் ஜாஸ்திங்க."

அபிநந்தன் அவன் கையைப் பார்த்தான். முழங்கை வரை முள் கீறியிருந்தது. ஜெகதீசன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அதற்குள் வெள்ளைத் துணி அம்மாளும் வந்துவிட்டாள். பத்மாம்பாள், அபிநந்தனின் தாயார்.

"ஒடையவங்கள கேக்காம ஒரு செடி தொடக்கூடாதுடா. ஊருக்குள்ள போயி விசாரிச்சிட்டு வா," என்றாள் மகனிடம்.

ஜெகதீசனுக்கு உயிரே போய்விட்டது. ஊருக்குள் போய்க் கேட்டால் டீக்கடையிலேயே பேரோடும் பட்டத்தோடும் சொல்லி அனுப்புவார்கள்.

"விசாரிக்கறதெல்லாம் எதுக்கும்மா? இது ஊரு பொது. யாரு வேணா புடுங்கிக்கலாம்."

"நெஜமாவா?"

"சந்தேகமே வேணாம். இதோ பாருங்க, நானே புடுங்கறேன்."

சொன்னதற்கு அத்தாட்சியாகக் குனிந்து நாலு செடி பிடுங்கினான். வேரோடு கொத்துக் கொத்தாகக் காய் வந்தது. பெற்ற பிள்ளையின் காதைத் தானே திருகிவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. ஆனாலும் பல்லை இளித்துக்கொண்டே நீட்டினான்.

கழி நட்ட பெண்ணின் பெயர் சஹானா. அபிநந்தனின் பெண்டாட்டி. அவள் அதற்குள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, ஏரியாண்டதான். மல்லாட்டை பூரா பொதுவாம். ஒருத்தரு கூடவே நின்னு புடுங்கிக்கூட குடுக்கறாரு. எல்லாரும் கெளம்பி வந்துடுங்க."

செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. பெரியப்பா வகை, சித்தப்பா வகை என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிடுங்கினவர்களும் உண்டு. "பட்டணத்துல காசு குடுத்தாக்கூட இந்த மாதிரி பொழுதுபோக்கு கெடைக்காது" என்று ஒருவர் ஜெகதீசனின் முதுகில் தட்டிக் கொடுத்தார். இத்தனை அதிகாரிகளா என்று அவனுக்கு மலைப்பாக இருந்தது. ஜில்லாவே திரண்டு வந்துவிட்டது போலிருக்கிறது.

பெரிய குண்டானில் மல்லாட்டை வேகத் தொடங்கியது. அபிநந்தன் மேற்கே மலையைப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"ஜல்தி, ஜல்தி. பொழுது எறங்கறதுக்குள்ள முடிச்சாவணும்."

அந்த ஒரு பேச்சில் ஜெகதீசன் ஆடிப்போனான். பொழுதுக்குள் அறிக்கை எழுதி முடிக்கப் போகிறார்கள். கொல்லையிலோ பாதிச் செடி இன்னும் வரிசை பிசகாமல் நின்று, 'என்னை ஜெகதீசன்தான் வைத்தான்' என்று காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

வீரம்மாளின் மாடுகள் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. ஓடினான்.

"யக்கா, மாட்ட என் கொல்லையில உடு."

"என்னாப்பா, புத்தி கித்தி பெரண்டுபூடுச்சா? வெளஞ்ச காயாச்சே. மொதல்ல நான் சொல்றதக் கேளு, அந்த எடம்..."

"அந்த எடத்துல பயிரு இருந்தாத்தான்கா பேஜாரு. உடுக்கா."

அவள் கையிலிருந்த கோலைப் பிடுங்கித் தானே மாடுகளை ஓட்டிவந்து கொல்லைக்குள் விட்டான். அவையும் மறுபேச்சுப் பேசவில்லை. மல்லாட்டைக் கொடி என்றால் மாட்டுக்கு விருந்து. பத்மாம்பாள் அதைப் பார்த்துக் கைகூப்பி, "வாயில்லா ஜீவன் வயிறார தின்னட்டும்" என்று மகிழ்ந்துபோனாள்.

பொழுது மலை முகட்டைத் தொடும்போது கொல்லையில் வரிசையும் இல்லை, செடியும் இல்லை. அபிநந்தன் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்தான். வாழையிலையில் கேப்பை அடையும், ஆவி பறக்க அவித்த மல்லாட்டையும் விழுந்தன. தன் மல்லாட்டையைத் தானே விருந்தாளியாக உட்கார்ந்து உரித்துத் தின்ன வேண்டியிருந்தது ஜெகதீசனுக்கு. காய் மட்டும் தேன் போல இனித்தது. அதுதான் இன்னும் வலித்தது.

"ரிப்போர்ட்டு முடிஞ்சுதுங்களா?" என்று மெல்லக் கேட்டான்.

"என்னா ரிப்போர்ட்டு?"

"பொழுதுக்குள்ள முடிக்கணும்னீங்களே."

"சாப்பாட்டத்தான் சொன்னேன். நாங்க நயினாருங்க, ஜைனக் குடும்பம். பொழுது எறங்கினா அம்மா வாயில ஒரு பருக்க வெக்க மாட்டாங்க."

ஜெகதீசன் கையிலிருந்த காயைக் கீழே வைத்தான். செஞ்சிப் பக்கம் நயினார் வீட்டுக் கல்யாணங்களில் ராச்சாப்பாடே சாயங்காலம் ஆகிவிடும் என்பது அவன் அறியாததா? பயம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகும்.

"தண்ணிய துணியில புடிச்சிப் பாத்தாங்களே?"

"கண்ணுக்குத் தெரியாத பூச்சி பொட்டு செத்துடக் கூடாதுன்னு வடிகட்டினாங்க. அதுங்கள மறுபடி ஏரியிலயே உட்டுடுவோம்."

"அந்தக் கோடு?"

அபிநந்தன் கை காட்டினான். கழிகளுக்கு நடுவே வலை கட்டி, வேனில் வந்த பெண்கள் இறகுப் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எந்த ஆபீசுங்க?"

"ஆபீசா? திண்டிவனத்துல பாத்திரக் கடை வெச்சிருக்கங்க. ரெண்டு நாளு கூடாரம் போட்டுக் காத்து வாங்கலாம்னு வந்தோம். நீங்க என்னா பண்றீங்க?"

"நான் விவசாயங்க," என்றான் ஜெகதீசன்.

"என்ன பயிர் வெச்சிருக்கீங்க?"

அவன் மொட்டையாகக் கிடந்த கொல்லையைப் பார்த்தான். "இந்த வருசம் ஒண்ணும் வெக்கலீங்க."

எழுந்து போய்க் கை கழுவினான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தப் பயிரை வைத்து என்னென்னவோ நினைத்திருந்தான். இனி புனிதாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

மனதைத் தேற்ற ஒரே ஒரு ஞாயம் அகப்பட்டது. என்றைக்கு இருந்தாலும் ஏரி இடம். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு நிஜ அதிகாரியே வந்து பிடுங்கியிருப்பான். நம்முடையதல்லாதது நம்மை விட்டுப் போனது, அவ்வளவுதான். அப்படி நினைத்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. இனிமேல் யாரும் ஏரிமுழுங்கி என்று கூப்பிட முடியாது.

வயிறு புடைத்த மாடுகளை ஓட்டிக்கொண்டு வீரம்மாள் வீடு திரும்பினாள். இவன் எதிரே வந்து நின்றாள்.

"இப்பவாச்சும் சொல்லட்டாப்பா?"

"சொல்லுக்கா," என்றான் பெருமூச்சோடு. "இனிமே எனக்கு என்ன வந்தாலும் கவலையில்ல."

"போன வாரம் அளந்துட்டுச் சொன்னாங்கப்பா, நீ ஏரிய முழுங்கலியாம், ஏரிதான் உன் கொல்லைய முழுங்கியிருக்குதாம், அந்தக் கூடாரம் நிக்கற மேடு வரைக்கும் உன் பட்டாதானாம்."