பச்சை டிக் வாங்கிய கடிதம்

மின்னஞ்சலை வாசிக்கிறவர்கள் உண்டு, வாசிக்காதவர்களும் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது, அதுதான் மின்னஞ்சலை இறக்கிவைக்கிற இனம். குளச்சல் கமருதீனைத் தெரியுமா உங்களுக்கு? தெரியாவிட்டால் என்ன, உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

வளைகுடாவில் இருபது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து, வந்த சரக்குக்கெல்லாம் டிக் அடித்துவிட்டு ஊர் திரும்பியவர். கை சும்மா இருக்குமா? காலையில் சாயா குடித்த கையோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, சர்வரில் வந்து கிடப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி, அனுப்பியவரையும் தலைப்பையும் நீள நோட்டில் எழுதி, நம்பர் போட்டு, பச்சை மையில் டிக் அடித்து, டிக் வாங்கிய தலைப்பு மறுபடி வந்தால் சர்வரிலேயே அழித்துவிட்டு, அப்புறம்தான் குளிக்கப் போவார். எதை இறக்கினோம் என்பதைக் கம்ப்யூட்டரே ஞாபகம் வைத்துக்கொள்ளுமே என்று சொல்லிப் பாருங்கள். "அதுக்குக் கையெழுத்து உண்டுமா?" என்று கேட்பார். வாசிப்பதா? அது அவர் டிபார்ட்மென்ட் இல்லை.

மகள் ஷஹ்லா மார்த்தாண்டத்தில் நர்ஸ். தோஹா ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பித்தபோது, எல்லாம் ஒரே பெட்டிக்கு வந்தால்தான் ஒழுங்கு என்று தன் மின்னஞ்சல் முகவரியையே போடவைத்தார். போனில் கேட்டால், "நான் பாத்துக்கிடுதேன்" என்பார். வெள்ளிக்கிழமை அவள் நேரில் வந்து நின்றாள்.

"தோஹால இருந்து ஒண்ணும் வரல்லியா வாப்பா?"

"வந்துதே! போன சனிக்கிழமையே எறக்கியாச்சு. நம்பர் நாலாயிரத்துப் பன்னெண்டு."

"படிச்சியளா?"

"படிக்கதா? எறக்கினேன் மக்கா."

ஷஹ்லா திறந்து பார்த்தாள். இன்டர்வியூ வியாழக்கிழமை. நேற்றே முடிந்துவிட்டது.

"ஒரு தடவ ஞாபகப்படுத்தப்பிடாதா அவனுவ?" என்றாள் அவள் உம்மா சபூரா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அதே தலைப்புல பின்னையும் ரெண்டு தடவ அனுப்பினானுவ," என்றார் கமருதீன் பெருமையாக. "எறக்கினதையே எறக்க வைக்கப் பாத்தா நான் விடுவனா? ரெண்டையும் அழிச்சிட்டேன்."

ஷஹ்லா நோட்டை இழுத்து, பச்சைப் பேனாவை எடுத்து, நாலாயிரத்துப் பன்னிரண்டுக்கு நேரே 'போச்சு' என்று எழுதினாள்.

கமருதீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தேதி போடல்லியே மக்கா."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே உங்கள் போனையும் கொஞ்சம் எடுங்கள். அப்புறம் வாசிக்கலாம் என்று பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறீர்களே, அதற்குள் யாருடைய வியாழக்கிழமை கிடக்கிறது?