பஜ்ஜித் தட்டோடு பாலத்தை மறித்தேன்

எனக்குப் பிரெஞ்சில் ‘காபி சாப்பிடுங்க’ என்று சொல்லத் தெரியாது. ‘உன் தலையை எடுக்காமல் இங்கிருந்து நகரமாட்டேன்’ என்று தப்பில்லாமல் சொல்லத் தெரியும். இதை ஒரு கல்யாணப் பெண்ணின் தகுதியாக என் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததுதான் வினையாகிவிட்டது.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் எங்கள் வீடு. மாடி அறையில் குடியிருந்த ஒரு பிரெஞ்சுக்கார அம்மா எனக்கு இரண்டு மாதம் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஊருக்குப் போகும்போது ஒரு தடிப் புத்தகத்தையும் அகராதியையும் கொடுத்துவிட்டுப் போனார். புத்தகம் முழுக்க அந்தக் காலத்துக் குதிரைவீரர்களின் கதைகள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்! சோறு தண்ணி மறந்து படித்தேன்.

எந்தக் கதையை எடுத்தாலும் ஒரு காடு, ஒரு ஆறு, ஒரு பாலம். பாலத்தை மறித்துக்கொண்டு ஒரு வீரன் நிற்பான். வருகிறவனைப் பார்த்து “ஆல்த்லா!” என்பான். (அங்கேயே நில் என்று அர்த்தம்.) நீ யார், எந்த ஊர், என்ன வம்சம் என்று கேட்பான். அப்புறம் சண்டை. தோற்றவன் வாளையும் குதிரையையும் ஜெயித்தவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும், அதுதான் வழக்கம்.

இந்த வசனங்களை எப்படிப் பேசுவது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவள் நான். ராஜா வேஷக்காரர் வருவதுபோல மொட்டைமாடியில் காலைத் தட்டி, வலது கையை ஓங்கி, அடித்தொண்டையில் பிரெஞ்சு பேசினேன். வடாம் கொத்த வந்த காக்காய்கள் பறந்தன. (அந்த வகையில் அம்மாவுக்கும் என் பிரெஞ்சு பிடித்திருந்தது.)

அப்போதுதான் பாண்டிச்சேரியிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். போட்டோவில் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஊர் அதைவிடப் பிடித்தது, பிரெஞ்சு பேசக் காக்காயைத் தவிர வேறு ஆள் கிடைக்குமே! அவருக்கு அப்பா இல்லை. பெரியப்பா சொல்வதுதான் முடிவு. அவர் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், முறுக்கு மீசை.

அவர்கள் வந்து உட்காருவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். “பொண்ணு பிரெஞ்சு நல்லா பேசும்ங்க.”

“அப்படியா? கூப்பிடுங்க, பேசிப் பாக்கலாம்” என்றார் பெரியப்பா.

நான் பஜ்ஜித் தட்டோடு வந்தேன். அவர் சிரித்த முகமாகப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். (‘நல்லா இருக்கியாம்மா?’ என்றுதான் கேட்டாராம்.) எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அதில் வாள் இல்லை, ஈட்டி இல்லை, ரத்தம் இல்லை, நான் என்ன செய்வேன்? கூடமே என்னைப் பார்த்தது. அப்பாவின் மானம், என் பாண்டிச்சேரி, போட்டோவில் பார்த்த அந்த முகம், எல்லாம் என் வாயில் இருந்தது. தெரிந்ததைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

“ஆல்த்லா!”

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. நீ யார், எந்த ஊர், என்ன வம்சம் என்று அதட்டினேன். காலைத் தட்டினேன். வலது கையை ஓங்கினேன். தட்டு இருந்ததும் அந்தக் கையில்தான். ஒரு பஜ்ஜி மாப்பிள்ளையின் மடியில் விழுந்தது, சட்னி பெரியப்பாவின் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. தலையை எடுக்கிற வசனத்தோடு முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. வெட்கத்தைவிட குஷிதான் ஜாஸ்தி, சொந்த வாயால் ஒரு மனுஷரிடம் பிரெஞ்சு பேசிவிட்டேன்!

“என்னம்மா சொன்ன?” என்றார் அப்பா.

“வாங்கன்னு சொன்னேன்ப்பா.”

பெரியப்பா மெதுவாக எழுந்தார். “இல்லீங்க. என்னைச் சண்டைக்குக் கூப்பிடுது. தலையை எடுத்துடுமாம்.”

“போலாம் மாமா” என்று மாப்பிள்ளையின் அம்மாவும் எழுந்துவிட்டார். போய்விட்டார்கள். “வாங்கன்றதுக்கு எதுக்குடி காலைத் தட்டின?” என்று அம்மா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் புத்தகத்தையும் அகராதியையும் பரண்மேல் வீசிவிட்டு, கண் வீங்க அழுதேன்.

பத்து நாள் கழித்து பெரியப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. பிரெஞ்சில்! எங்கள் வீட்டில் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் குற்றவாளியான நான்தான்.

“சரின்றாங்களா, வேணான்றாங்களா? அத மட்டும் சொல்லு” என்று அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

அகராதியை எடுக்கப் பரண் ஏறப் போனவள், முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அத்தனை வார்த்தையும் எனக்குத் தெரிந்திருந்தது! சத்தமாகத் தமிழில் சொன்னேன்: “வீராங்கனையே, நான் தோற்றேன். வழக்கப்படி என் வாளையும், என் குதிரையையும், என் தம்பி மகனையும் உங்களிடம் ஒப்படைக்கிறேன்.”

அப்பா வாசலை எட்டிப் பார்த்தார். “மாப்பிள்ளை சரி. குதிரைய எங்கம்மா கட்றது?”

பாண்டிச்சேரிக்கு வாழ வந்து இத்தனை வருஷத்தில் நான் தமிழிலேயேதான் கத்திரிக்காய் வாங்குகிறேன். எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, சமையலறையில் நான் பஜ்ஜித் தட்டைத் தூக்கினேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்.

“தட்டை நான் எடுத்துட்டுப் போறேன். நீ பாலத்தை மட்டும் மறிக்காம இரு, போதும்.”