எபனேசர் நாற்காலி காத்த சருக்கம்

உண்ட களைப்பில் சாய்ந்திருக்கும் பெரியோர்களே, கேளுங்கள். செகந்திராபாத்தில் பிறந்து, போலாரம் சாலையில் கம்பெனி பஸ்ஸேறி, தக்காண விசைச்சுழலி ஆலை என்னும் பொதுத்துறைப் பெருங்கோட்டை புகுந்து, அதன் கணிப்பொறிக் கூடத்தில் காலணி களைந்து குளிர்காற்றில் தவமிருந்து, இருநூறு நிரல்களுக்குத் தாயான பொதுநிரல் தொகுப்பை ஒற்றை ஆளாய் எழுதி முடித்த விசைப்பலகை வீரர், தடித்த கண்ணாடி தரித்த தகைசால் வேந்தர், மெஞ்ஞானபுரம் தேவசகாயம் எபனேசரை முதற்கண் வணங்குவோம். அந்தத் தொகுப்பை ஆலையில் லைப்ரரி என்பார்கள். ஸ்டோர்ஸ் நிரலோ, பஸ் பாஸ் நிரலோ, கேன்டீன் டோக்கன் நிரலோ, எதுவும் லைப்ரரியைக் கேட்காமல் ஒருவர் பெயரைக்கூட வாங்காது.

அந்த அரும்பணிக்கு ஆலை ஒரு மரியாதை செய்திருந்தது. அப்படித்தான் எபனேசர் நம்பினார். பதவியில் அவர் அதிகாரி அல்லர். ஆயினும் லைப்ரரி அரங்கேறிய 1983ஆம் ஆண்டு தொட்டு, காலைதோறும் கணிப்பொறி அச்சிட்டுத் தள்ளும் சாப்பாட்டு டோக்கனில் அவர் பெயருக்கு நேரே 'அதிகாரிகள் கூடம்' என்றே வந்தது. அங்கே மின்விசிறிக்கு நேர்கீழே ஒரு நாற்காலி. ரசம் சூடாக வரும். கை கழுவித் திரும்பினால் டபராவில் காபி காத்திருக்கும். நிர்வாகம் வாய்திறந்து சொல்லாத பாராட்டை இப்படிச் சொல்கிறது என்று மனைவி டோரிஸிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அந்த அம்மையாரும் சர்ச்சில் நாலு பேர் காதில் போட்டுவைத்தார்.

இரண்டாண்டு இன்பத்துக்குப் பின் ஒரு செவ்வாய்க்கிழமை பகை புறப்பட்டது. வேலைக்குச் சேர்ந்து எட்டே நாளான டைப்பிஸ்ட், கும்பகோணம் ராஜகோபாலன் திரிபுரசுந்தரி, அதே கூடத்தில் அவருக்கு எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவருக்கு வைத்ததைவிடப் பெரிய அப்பளம் அவளுக்கு வைக்கப்பட்டது.

"நீ எப்படிம்மா இங்க?" என்றார் வீரர்.

"டோக்கன்ல போட்டிருக்கு சார். போட்ட எடத்துலதானே உக்காரணும்?"

தவத்தால் பெற்றதைத் தட்டச்சால் பெற்றாளே என்று அவர் வயிறு எரிந்தது. காபியைப் பாதியில் வைத்தெழுந்து, கணிப்பொறிக் கூடத்தின் நடுவே நின்று, "லைப்ரரியில் ஓட்டை. அதை அடைக்கும்வரை அந்தக் கூடத்தில் ஒரு பருக்கை தொடேன்" என்று சூளுரைத்தார். கேட்டவர் ஏசி மெக்கானிக் ஒருவர்தாம்.

புதனும் வியாழனும் போர். டோரிஸ் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதமே படைச்சோறு. சிவப்பு மையே குருதி. முழம் முழமாய் விரிந்த நிரல்தாள்களுக்குள் மண்டியிட்டுப் புகுந்து, வரி வரியாய் அடித்து, வழிமறித்த கட்டளைகளை வளைத்து, வியாழன் பகலில் பகைவனைப் பிடித்தார். பெயர் வாங்கும் நிரல்தான் அது. ஆலையில் சேரும்போது நிரப்பும் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். தமிழருக்கு ஏது? பலர் முதலெழுத்தோடு தப்பிவிடுவார்கள். மனச்சாட்சிக்காரர் ஒன்றிரண்டு பேர் ஊரையும் தகப்பனையும் முழுசாக எழுதிவிடுவார்கள். லைப்ரரி பெயருக்கு ஒதுக்கிய இடமோ இருபது எழுத்து. அதற்குமேல் வருவதைத் தடுக்க வாசலில் ஆளில்லை. இருபத்தொன்றாவது எழுத்து பக்கத்து அறையில் புகுந்தது. பக்கத்து அறை பதவியுடையது. அங்கே எண் இருந்தால் தொழிலாளி, எழுத்து இருந்தால் அதிகாரி. ஆகவே பெயரை நீட்டி எழுதத் தெரிந்த எவரும் இந்த ஆலையில் அதிகாரி. டோக்கன் மட்டுமல்ல, பூட்டிய கோப்புகளும் அவருக்குத் திறக்கும்.

சிரித்தார் எபனேசர். மூன்றே வரியில் வாசலில் ஒரு காவலனை நிறுத்தினார். இருபது முடிந்ததும் வெட்டு என்று ஆணையிட்டார். இருநூறு நிரல்களையும் புது லைப்ரரியோடு பிணைத்தார். "இனி ஒருவரும் புக முடியாது" என்று டோரிஸுக்கு அறிவித்தார். நாளைக்குச் சாப்பாடு கட்ட வேண்டாம் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை. வாகை சூடாக் குறையொன்றே குறையாக அதிகாரிகள் கூடத்து வாசலை அடைந்த வீரரை, டோக்கன் வாங்கும் மோசஸ் கைநீட்டி நிறுத்தினார்.

"இன்னிக்கு உள்ள நக்கோ சார், போக வேணாம். பொதுக் கூடம்னு வந்திருக்கு."

எபனேசர் டோக்கனைப் பார்த்தார். பிறகு தம் பெயரை ஊரிலிருந்து தொடங்கி ஆங்கில எழுத்தாய் விரல்விட்டு எண்ணினார். இரு கை விரலும் இருமுறை தீர்ந்தபோது தேவசகாயமே முடிந்திருக்கவில்லை. ஆலை அவரை ஒருநாளும் பாராட்டியதில்லை; ஓட்டைதான் பாராட்டியது. அதையும் தம் கையாலேயே அடைத்துவிட்டார். டோரிஸுக்கு என்ன சொல்வது, அவள் சர்ச்சில் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை.

பொதுக் கூடத்து வரிசையிலிருந்து திரிபுரசுந்தரி கையசைத்தாள்.

"இங்க வாங்க சார். இங்க ரெண்டாந்தடவ கேட்டாலும் சாம்பார் ஊத்துறாங்க."

எபனேசர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றார்.